எந்த வாசலையும் விடாமல்

“சாவைச் சொல்லி ஆட்டம் போடுறதாப்பா?” என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். கோபத்தில் கேட்டதில்லை அது. மனசுக்கு ஒப்பாமல் கேட்டார். போன மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் தற்கொலைத் தடுப்புக்காக ஒரு மாறுவேட விழா நடத்தினோம். சின்னவர் பெரியவர் என்று இல்லாமல் வேடம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் உண்டியல் எடுத்தோம், பொழுது சாய்ந்ததும் வலைக்கொட்டகைக்கு முன்னால் எல்லாரும் கூடிச் சாப்பிட்டோம், ஆடினோம், பேசினோம். விழா முடிந்து பல மாதம் ஆகிறது. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்று, வேடத்துணியெல்லாம் துவைத்து மடித்தாயிற்று. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதிலும் இருக்கிறது. ஆனால் டீக்கடையில் நின்றபடி ஒரு வாக்கியத்தில் சொல்கிற பதில் இல்லை அது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சாவுக்கு ஆட்டம் புதிதில்லை. எண்பது, தொண்ணூறு வயது வாழ்ந்து ஒரு தாத்தா கண்ணை மூடினால் அது கல்யாணச் சாவு. கொட்டு வரும், வேட்டு போடுவார்கள், பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், சுடுகாடு வரைக்கும் ரோட்டில் பூவாகக் கிடக்கும். கடலில் போனவர் உடல் கரை சேர்ந்தால் ஊரே கடற்கரையில் நிற்கும். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. பிரேதப் பரிசோதனை முடிந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வரும். வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பெரிது. பல வீடுகளில் அதுவும் இல்லாமல் நேரே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொட்டுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. ஒப்பாரி வைக்கிற கிழவிகள்கூட என்ன சொல்லி அழுவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு பயம் சேர்ந்துகொள்ளும். தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுக்கும் விதி 1917-இன் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருடம் தாண்டியும், “பூசை வைப்பாரா சாமியாரு?” என்று ஒரு தகப்பன் நடுங்கிக்கொண்டு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆக, ஊர் ஆடக் கூடாது என்று பெரியவர் சொன்னது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் ஆடாமல், பேசாமல், வாசலில் நிற்காமல்தான் இருந்தோம்.

ஒரு சான்றிதழ்

நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஊரில் யார் இறந்தாலும் அதற்கப்புறம் வருகிற காகிதம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், மீனவர் நல வாரிய விண்ணப்பம். சில வருடம் முன்னால் ஒரு அக்கா வந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், தெருவில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். அவருடைய மகன் இறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பிரிண்டரிலிருந்து சான்றிதழ் வெளியே வரும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

“தம்பி, இதுல எப்படிச் செத்தான்னு போட்டிருக்குமா?”

இல்லை அக்கா என்றேன். நம்பவில்லை. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டினேன். பெயர், பாலினம், இறந்த தேதி, இறந்த இடம், அம்மா பெயர், அப்பா பெயர், முகவரி, பதிவு எண். அவருடைய ஆள்காட்டி விரல் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் நின்று நின்று போனது. ஊசி குத்தித் தழும்பேறிய விரல். தன் பெயர் எழுதியிருந்த கட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, யாருக்குக் கொடுக்கும் இறப்புச் சான்றிலும் இறப்புக்கான காரணத்தைக் காட்டக் கூடாது என்கிறது. எதற்காக அந்தச் சட்டம் எழுதினார்களோ, அன்றைக்கு அந்த அக்காவுக்கு அது பெரிய கருணையாக இருந்தது. “ரெண்டு காப்பி கூடப் போடு, லேமினேட் பண்ணிக் குடு” என்று சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

சட்டம் சொல்லாத காரணத்தை ஊர் சொல்லிக்கொண்டே இருந்தது. காதல் என்றார்கள், கடன் என்றார்கள், குடி என்றார்கள், அப்பா அடித்தார் என்றார்கள், செல்போன் என்றார்கள். ஒருவர் ஒரே ஒரு காரணத்துக்காக இந்த முடிவுக்கு வருவதில்லை என்று மனநல மருத்துவர்கள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். உடல்நோவு, மனநோய், பணக்கஷ்டம், அவமானம், தனிமை, போதை என்று பல சேர்ந்து ஒரு நாளில் வந்து முட்டுகின்றன. ஊருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு காரணம் கிடைத்தால் ஒரு குற்றவாளி கிடைப்பார், பெரும்பாலும் அது அம்மாதான். பிறகு அந்த வீட்டுக்குப் பத்திரிகை வைப்பது நிற்கும். வளைகாப்புக்கு அந்த அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். பெண் பார்க்கப் போகும்போது எதிரே வந்துவிடக் கூடாது என்று பார்ப்பார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது மட்டும் நடக்கும், அதுவும் கல்யாண ஜாக்கெட்டாக இருந்தால் ராமநாதபுரத்துக்குப் போய்விடும்.

ஏன் தடைக்காலம், ஏன் வேடம்

செப்டம்பர் 10 உலக தற்கொலைத் தடுப்பு நாள். 2003-இலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பேனர் பிடித்து ஊர்வலம் போயிருக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாங்கியிருக்கிறோம். பிள்ளைகள் வந்தார்கள், வரச் சொன்னதால் வந்தார்கள். அவர்களுடைய அப்பாக்கள் வரவில்லை, அண்ணன்கள் வரவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர், மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். நாம் பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கூலிக்குப் போகிற முப்பத்தைந்து வயது ஆள் எந்த ஊர்வலத்திலும் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அரசாங்கம் தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? மண்டபத்திலும் பாம்பனிலும் படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டுக் கிடக்கும், சில படகுகளைக் கரையேற்றிச் சாயம் பூசுவார்கள், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகு திரும்பி வராதவர்கள், சேட்டிடம் வட்டி கட்டுகிறவர்கள், எல்லாரும் கணக்குப் பார்க்கிற காலம் இது. அதே மே மாதத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் வரும். முதல் மூன்று இடம் யாருக்கு என்று அறிவிக்கிற வழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்தியது நல்ல காரியம். இருந்தாலும் தெருவுக்குள் யார் மார்க் எவ்வளவு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஊரே கரையில் இருக்கிற, ஊரே மனசு கனத்துக் கிடக்கிற அந்தச் சமயத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வேடம் என்று சொன்னது நர்சிங் படிக்கிற ஒரு பெண். அவளுடைய அப்பா வருடம் தவறாமல் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டுப் போகிறவர். அங்கே வழக்கம் எல்லாருக்கும் தெரியும். காளி, ராஜா, போலீஸ், குரங்கு, பிச்சைக்காரர் என்று நேர்ந்துகொண்ட வேடத்தைக் கட்டி, குழுவாக ஊர் ஊராகப் போய், வாங்கிய காணிக்கையைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் போடுவார்கள். நம் மாவட்டத்திலேயே கமுதி மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் உடம்பு முழுக்கச் சேற்றைப் பூசிக்கொண்டு சேத்தாண்டி வேடம் போடுகிறார்கள். பணக்காரர், ஏழை அடையாளம் எல்லாம் அந்தச் சேற்றுக்குள் போய்விடும். அந்தப் பெண் சொன்னது இதுதான்: “வேஷம் கட்டுனவங்க எந்த வீட்டு வாசல்லயும் போயி நிக்கலாம்ணே. யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க.” அப்போது எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது, அவ்வளவுதான். அதன் முழு அர்த்தம் ஊர்க்கூட்டத்தில்தான் புரிந்தது.

கூட்டத்தில் நடந்தது

கூட்டம் வலைக்கொட்டகையில். ஆண்கள் முன்னால், பெண்கள் தூணோரமாக. நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும்தான் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் சொன்னதை நான் குறைத்து எழுத விரும்பவில்லை. “செத்த பிள்ளைகளோட தாய் தகப்பன் இந்த ஊர்லதான இருக்காங்க. அவங்க வீட்டு முன்னாடி போயி மோளம் அடிச்சு ஆடுனா அவங்க நெஞ்சு என்ன பாடு படும்? அமைதியா ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, நானும் வர்றேன்” என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த நிமிடத்தில் அவர் சொல்வதுதான் சரியோ என்று பட்டது. இளைஞர்களில் இரண்டு பேர் எழுந்து விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று பேசினார்கள். அந்தச் சொல் கொட்டகையில் யாருக்கும் ஒட்டவில்லை.

அப்போது தூணோரத்திலிருந்து அந்தத் தையல்கார அக்கா பேசினார். எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“ஐயா எங்களை நெனைச்சுத்தான் சொல்றீக. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒரு வீட்ல சாவு விழுந்தா எத்தனை நாளு துட்டி? ஒரு வருசம். தலைத்தெவசம் குடுத்தாச்சுன்னா நல்லது கெட்டதுக்கு வந்து போகலாம். எங்க வீட்டுக்கு நாலு வருசமாச்சு. இன்னும் ஒரு பத்திரிகை வரலை. திருவிழா வரி வாங்க மட்டும் வர்றாங்க, சாமி எங்க தெருவுக்குள்ள திரும்பாம நேரா போகுது. எங்க நெஞ்சு மோளத்துக்கு ஒண்ணும் ஆகாது. மோளம் எங்க வாசலை மட்டும் தாண்டிப் போகுதே, அதுலதான் ஆகுது.”

யாரும் பேசவில்லை. பெரியவரும் பேசவில்லை. அக்கா தொடர்ந்தார்: “வேஷம் கட்டிக்கிட்டு வர்றவங்க எங்க வீட்டுக்கும் வரட்டும். நான் அரிசி போடுறேன்.”

அந்தப் பேச்சுக்குப் பிறகு விழாவின் நோக்கமே எனக்கு மாறிப்போனது. அதுவரை நான் மேடையை நினைத்துக்கொண்டிருந்தேன்: யார் பேசுவது, எந்த டாக்டரைக் கூப்பிடுவது, மைக் செட் எவ்வளவு. மேடை இரண்டாம் பட்சம் என்று அன்றைக்குத் தெரிந்தது. முதல் காரியம் வாசல். விழாக்குழு அன்றே ஒரு முடிவு எடுத்தது. ஊரில் ஒரு வீடு விடாமல் வேடக்காரர்கள் போக வேண்டும். கோயில் வரி கட்டாத வீடு, ஊரோடு பேச்சு வார்த்தை இல்லாத வீடு, குடித்துவிட்டுக் கத்துகிற ஆளின் வீடு, அகதி முகாமிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற குடும்பம், எதுவும் விதிவிலக்கு இல்லை. காசு போடாவிட்டாலும் பரவாயில்லை, கதவைத் திறந்து ஆளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். உயிர் போன வீடுகளுக்கு மட்டும் முந்தின நாளே தாம்பூலத் தட்டோடு போய் அழைப்பு வைப்பது, அவர்கள் வேண்டாம் என்றால் அதை மதிப்பது. இரண்டு வீடுகள் வேண்டாம் என்றன. அங்கே பழமும் வெற்றிலையும் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பினோம்.

வேண்டாம் என்று வைத்த வேடங்கள்

மாறுவேடம் என்றதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருவன் எமன் வேடம் என்று வந்தான், அட்டையில் கிரீடமும் தயார். இன்னொருவன் பேய். ஒரு சின்னப் பெண்ணின் அம்மா, கடனில் இறந்துபோன விவசாயி வேடம் போட்டு வசனம் பேச வைக்கட்டுமா, பள்ளி ஆண்டு விழாவில் முதல் பரிசு வாங்கியது என்று கேட்டார். இதற்கெல்லாம் இல்லை என்று சொன்னோம். மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வந்த உளவியலாளர் ஒருவர் இதில் உறுதியாக இருந்தார். தற்கொலையை நடித்துக் காட்டக் கூடாது, எப்படி நடந்தது என்று விவரிக்கக் கூடாது, அதைத் தியாகமாகவோ பழிவாங்கலாகவோ தீர்வாகவோ காட்டக் கூடாது. ஏற்கெனவே அந்த நினைப்பில் இருக்கிறவருக்கு அது வழிகாட்டியாகிவிடும். பத்திரிகைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நெறிமுறையும் இதுதான். பள்ளிகளில் இந்த வேடத்தைப் போட வைத்துக் கைதட்டுகிறோமே, எனக்கு அது பொறுக்கவில்லை.

பைத்தியக்காரர் வேடமும் கூடாது என்றோம். கிழிந்த சட்டை, தலையில் காகிதம், கையில் தகரம் என்று மாறுவேடப் போட்டிகளில் சிரிக்க வைக்கப் போடுவார்களே, அது. வேறு எந்த ஊரில் சிரித்தாலும் எங்கள் கரையில் அதற்குச் சிரிக்க முடியாது. ஏர்வாடி பக்கத்தில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பயந்துபோன சொந்தங்களும், சோறு போட வழியில்லாத சொந்தங்களும்தான். மனநோய் என்றால் ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் சங்கிலி என்று பழகியதால்தான் நம் ஊரில் ஒருவர், “எனக்கு மனசு சரியில்லை” என்று வாய் திறப்பதில்லை.

ஃப்ளெக்ஸ் விஷயம் இன்னும் சிக்கலாக இருந்தது. அக்காவின் மகனுடைய கூட்டாளிகள் அவன் படத்தைப் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டார்கள். நண்பனை நினைக்கிற ஆசையை எப்படித் தப்பு என்பது? ஆனால் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் முக்குக்கு முக்கு நிற்கிற ஊர்களில் வளர்கிற ஒரு பையன், உயிரோடு இருக்கும்போது கிடைக்காத மரியாதை இப்படித்தான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு இறப்புக்குப் பின்னால் அதே வயதுக்காரர்களிடையே இன்னொன்று நடக்கும் ஆபத்து உண்மையானது, ஆய்வுகளில் பதிவானது. அக்காவிடமே கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம்ப்பா. அவன் வயசுப் பிள்ளைங்க பாக்கும். அவனை நீங்க வீட்டுக்கு வந்து பேசுங்க, நான் கேக்குறேன்” என்றார். இப்போதும் அவர்கள் போய்ப் பேசுகிறார்கள்.

அந்த நாள்

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். வேலு நாச்சியார் நாலு பேர் இருந்தார்கள், இந்தச் சீமையில் அது ஆச்சரியமில்லை. வெள்ளை முடி வைத்த குட்டி அப்துல் கலாம்கள், ஒரு சேதுபதி ராஜா, ஒரு கண்டக்டர். படகு வேலைக்குப் போகும் மூன்று பையன்கள் சேர்ந்து ஆவுளியா செய்திருந்தார்கள். கடல்பசுவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சாம்பல் நிறத் தார்ப்பாயைத் தைத்து, உள்ளே மீன்பெட்டித் தெர்மாகோலை வெட்டி வைத்து, வலை மிதவையால் கண் வைத்திருந்தார்கள். மூன்று பேரும் உள்ளே குனிந்துகொண்டு ஒரே காலடியாக நடந்தால்தான் அது நகரும். தைத்துக் கொடுத்தது அக்காதான். தார்ப்பாயில் ஊசி இறங்காது என்று கோணி ஊசி வைத்துக் கையாலேயே தைத்தார். பாசி எடுக்கப் போகிற பெண்கள் சிலர் வேலைக்குப் போகும் கோலத்திலேயே வந்தார்கள்: சேலைக்கு மேலே சட்டை, விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய துணி, நெற்றியில் தூக்கிவிட்ட நீச்சல் கண்ணாடி, இடுப்பில் பை. “இதைவிடப் பெரிய வேஷம் என்ன கட்டணும்?” என்று ஒருவர் கேட்டார். மரிக்கொழுந்துப் பாசி எடுக்க மூச்சடக்கி முங்குகிற அந்தப் பெண்களை ஊர் நின்று பார்த்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான்.

தபால்காரர் வேடம் போட்டவருக்கு ஒரு வேலை இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நீல நிற இன்லேண்ட் லெட்டர் கொடுத்தார். உள்ளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு அழைப்பு, கீழே மூன்று போன் நம்பர்கள், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம் என்ற ஒரு வரி. எல்லாரும் கையால் எழுதியது. ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது, டிவி ஓடியது. ஆவுளியா வாசலில் உட்கார்ந்துவிட்டது. மூன்று பையன்களும் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு ஆள் பனியனோடு வெளியே வந்து, தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்து, “யார்ரா தச்சது?” என்று கேட்டுவிட்டுப் பத்து ரூபாய் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வந்தார். கடைசி வரைக்கும் கூட்டத்துக்கு ஓரமாகத் தனியாகவே உட்கார்ந்திருந்தார்.

அக்கா வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தது. மேளக்காரர்கள் கொஞ்சம் தயங்கி நிறுத்தினார்கள். அவர் உள்ளிருந்து படி நிறைய அரிசியோடு வந்து, “ஏம்ப்பா நிறுத்திட்டீங்க, அடிங்க” என்றார். அடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த வாசலில் வந்து நின்றார்கள். பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில் அங்கே இருக்கிறது. சாவைச் சொல்லி நாங்கள் ஆடவில்லை. சாவுக்குப் பிறகு ஆளில்லாமல் போன வாசலில் ஆடினோம்.

நேராகக் கேட்பது

ஆட்டம் கதவைத் திறக்கும். திறந்த பிறகு என்ன பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். விழாவுக்கு முன்னால் ஆண்களும் பெண்களுமாக ஒரு குழுவுக்கு அந்த உளவியலாளர் பயிற்சி கொடுத்தார். அதில் எல்லாரும் தடுமாறிய இடம் ஒன்றுதான். ஒருவர் ரொம்ப நாளாகச் சரியில்லை என்று தெரிந்தால், “செத்துரலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கச் சொன்னார். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போல் ஆகிவிடாதா? ஆகாது. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம், கேட்டவுடன் பலருக்கு மூச்சு விட்டது போல் இருக்கும் என்றார். ஆமாம் என்று பதில் வந்தால் புத்தி சொல்லக் கூடாது, பிள்ளைகளை நினைத்துப் பார் என்று குற்றவுணர்ச்சியை ஏற்றக் கூடாது. கேட்க வேண்டும், தனியாக விடக் கூடாது, ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போக வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடக் கூடியது. எங்கள் கரைக்கு எதிரே இருக்கிற இலங்கையில் 1995 வாக்கில் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது அதற்கு முக்கியக் காரணம். கைக்கு எட்டாமல் செய்தாலே ஏராளமான பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிருமே” என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. முயற்சி செய்து பிழைத்தவரைத் தண்டிக்கும் 309-ஆவது பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தபோது வந்த பயம் இது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் அதில் குற்றம். இதை இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் எழுதியிருந்தோம். மற்ற எல்லாவற்றையும்விட அதைப் பற்றித்தான் என் கடைக்கு வந்து அதிகம் பேர் விசாரித்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டுப் பந்தியிலும் அதற்குப் பின்னாலும் சிலர் பேசினார்கள். யார், எத்தனை பேர் என்று எழுத மாட்டேன். அவர்கள் ஊருக்குச் சொல்லவில்லை, கேட்டவரிடம் சொன்னார்கள்.

உண்டியலில் 38,000 ரூபாய் சொச்சம் சேர்ந்தது. அதை எதற்குச் செலவழிப்பது என்பதிலும் வாக்குவாதம் நடந்தது. சிலர் சிலை, சிலர் நூலகம் என்றார்கள். கடைசியில் பஸ் கட்டணத்துக்கும் ஒரு நாள் கூலிக்கும் என்று முடிவானது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், ஆனால் அங்கே போய் வருகிற நாளில் கூலி போகும். இரண்டு தடவை போய்விட்டு மூன்றாவது தடவை நின்றுவிடுவது அதனால்தான். மருந்து வாங்கப் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் அந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறோம். பெயர் எழுதிய நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது.

அது போக, வாசல்களை நாங்கள் விடவில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் நடத்திய ஒரு ஆய்வு 2008-இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு சாராருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் 18 மாதத்தில் 9 தடவை போனிலோ நேரிலோ, “எப்படி இருக்கீங்க” என்ற விசாரிப்பு. ஒன்றரை வருட முடிவில் முதல் சாராரில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. இதைப் படித்த பிறகு, போய்ப் பார்த்துவிட்டு வருவது ஒரு வைத்தியமா என்று கேட்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்தக் கணக்கைக் காட்டுகிறேன். எங்கள் குழுவில் ஆளுக்குச் சில வீடு பிரித்துக்கொண்டிருக்கிறோம். மீன் கிடைத்தால் மீனோடு போகிறோம், இல்லாவிட்டால் சும்மா போகிறோம்.

பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல காரியம்தான், ஆனால் மேளம் வேண்டாம், வேடம் வேண்டாம், அமைதியாகச் செய்யுங்கள் என்கிறார். மேளம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பனியன்காரர் கதவைத் திறந்திருக்க மாட்டார் என்கிறேன். எங்கள் பேச்சு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் வருத்தமில்லை. வருகிற தடைக்காலத்தில் பக்கத்துக் குப்பத்திலும் நடத்தக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஊர் இரண்டு பிரிவு, ஒரு தெருக்காரர்கள் இன்னொரு தெருவுக்குள் மேளத்தோடு போக முடியாது. ஒரு வீடுகூட விடக் கூடாது என்ற நிபந்தனைக்கு இரண்டு பக்கமும் சம்மதித்தால் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருக்கிறோம்.

இன்லேண்ட் லெட்டரில் எழுதிய நம்பர்கள் இவை. தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள், உங்களுக்கே தேவை என்றால் இப்போதே கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம். தமிழக சுகாதாரத் துறை உதவி எண் 104. சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050.